வீட்டில் போட்ட ஜெல் நகம் மூன்றே நாளில் கழன்றுவிடுகிறது, எங்கே தவறு?

இணையத்தில் ஜெல்லை இறுக்கும் லேம்ப் வாங்கி, பேஸ் கோட் (அடிப்பூச்சு), வண்ணம், டாப் கோட் (மேல்பூச்சு) எல்லாம் முறைப்படி போட்டும் மூன்றாம் நாளே உரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி உரிகிறது என்று முதலில் பாருங்கள். முழுத் தகடாகக் கழன்று வந்தால், நகத்தைத் தயார் செய்ததில் குறை. நுனியிலிருந்து சில்லு சில்லாகப் போனால், நுனியை மூடவில்லை. மேற்பரப்பு சுருங்கியிருந்தால், பூச்சு கனத்துவிட்டது. பெரும்பாலும் முதல் வகைதான்.

நகத்தின் அடிப்பகுதியில், வெள்ளைப் பிறைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்று நகத்தோடு ஒட்டிக்கிடக்கும். மரக்குச்சியைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத் தள்ளினால் வெள்ளைப் பொடியாகத் திரண்டு வரும். அதன்மேல் ஜெல் பூசினால் ஜெல் ஒட்டுவது தோலில்தான், நகத்தில் இல்லை. தோல் காய்ந்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். விரல் சதையோடு இணைந்த உயிருள்ள தோலை மட்டும் வெட்டவே வேண்டாம்.

அடுத்து 240 கிரிட் (சொரசொரப்பின் அளவு) பஃபர் என்ற நகம் தேய்க்கும் கட்டையால் பளபளப்பு போகும்வரை மட்டும் லேசாகத் தேய்க்க வேண்டும், ஒரு நகத்துக்கு நாலைந்து இழுப்பு போதும். சூடாக உணர்ந்தால் அதிகம் தேய்த்துவிட்டீர்கள். பிறகு 70 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சிழை உதிராத துணியில் நனைத்துத் துடையுங்கள். டிஷ்யூ பேப்பர் நார் விட்டுப்போகும். போடுவதற்கு முன் கையைத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். நகம் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும், காயும்போது சுருங்கும், மேலே இறுகிய ஜெல் அதோடு சேர்ந்து சுருங்காமல் விட்டுக்கொள்ளும். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் விரல் நுனி வியர்ப்பதே போதும், அதனால் ஏர்கானைப் போட்டுவிட்டு உட்காருங்கள். துடைத்த நகத்தை விரலால் தொடவே கூடாது. சன்னலோர வெயிலில் புட்டியைத் திறந்து வைத்தாலும் ஜெல் பிரஷ்ஷிலேயே இறுகிவிடும்.

பேஸ் கோட்டை மிக மெல்லியதாக, நகத்தில் தேய்த்துவிடுவதுபோலப் பூசுங்கள். தோலிலிருந்து ஒரு முடி அளவு இடைவெளி விட்டு, கடைசியில் நக நுனியின் விளிம்பில் பிரஷ்ஷை ஒருமுறை ஓட்டுங்கள். வண்ணத்துக்கும் டாப் கோட்டுக்கும் இதே முறைதான். தோலில் பட்டால் லேம்ப்பில் வைப்பதற்கு முன்பே ஆல்கஹாலில் நனைத்த குச்சியால் துடைத்துவிட வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. இறுகாத ஜெல்லில் உள்ள ஹெமா (HEMA) போன்ற அக்ரிலேட் வேதிப்பொருள்கள் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுக்க நிற்கும், பல் அடைப்பிலும் எலும்பு சிமென்ட்டிலும் இதே குடும்பப் பொருள்கள் இருப்பதால் பிற்காலச் சிகிச்சையிலும் தொல்லை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பொருள்கள் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஒளி பட்டதும் ஜெல்லை இறுகத் தூண்டும் டிபிஓ (TPO) என்ற பொருளை அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சில் தடை செய்திருக்கிறார்கள். புட்டியில் பொருள் பட்டியல் இல்லாத ஜெல்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

லேம்ப் விஷயத்தில் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜெல்லை இறுக்குவது 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ஒளி. அந்த ஜெல்லுக்கு அந்த நிறுவனம் சொல்லும் லேம்ப்பும் நேரமும்தான் சரி, எல்இடி லேம்ப்பில் பெரும்பாலும் ஒரு பூச்சுக்கு 30 முதல் 60 நொடி. மேலே கெட்டியாகி அடியில் இறுகாமல் நிற்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. கறுப்பு, கருநீலம் போன்ற வண்ணங்கள் ஒளியைத் தடுப்பதால் அவற்றை இன்னும் மெல்லியதாக இரண்டு பூச்சு போடுங்கள். கட்டைவிரல் சாய்ந்து நிற்கும், அதற்குத் தனியாக ஒளி காட்டுங்கள். சுள்ளென்று சுட்டால் கையை வெளியே எடுத்துச் சில நொடி கழித்து வையுங்கள், பூச்சு கனமாக இருந்ததற்கு அது அடையாளம். இரட்டை முள் பிளக் வந்தால் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரையான சேஃப்டி மார்க் உள்ள அடாப்டரில் மட்டும் செருகுங்கள். லேம்ப்பின் புறஊதா ஒளியிலிருந்து தோலைக் காக்க விரல் நுனி திறந்த கையுறை நல்லது, சன் கிரீம் நகத்தில் பட்டால் ஜெல் ஒட்டாது.

கடைசிப் பூச்சின் மேல் பிசுபிசுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்படலத்தை இறுகவிடாததால் வருவது அது. ஒரு நிமிடம் ஆறவிட்டு ஆல்கஹாலால் துடையுங்கள், சூட்டோடு துடைத்தால் பளபளப்பு மங்கும். வெளிர் வண்ணம் போட்டவர்கள் மஞ்சள் சேர்த்துப் பிசையும்போதும் பாத்திரம் கழுவும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அகற்ற, டாப் கோட்டை ஃபைலால் தேய்த்து, தூய அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, அலுமினியத் தாளால் விரலைச் சுற்றி 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். குச்சியால் தள்ளினால் நழுவாவிட்டால் மறுபடி சுற்றுங்கள். பிய்த்தால் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும், அடுத்த தடவை எதுவும் ஒட்டாது. அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கும் அடுப்பும் எரியும் இடத்தில் வேண்டாம்.

தூக்கிய ஓரத்துக்கு மேலேயே புதுப் பூச்சு போட்டு மூடாதீர்கள். இடுக்கில் தண்ணீர் தேங்கிக் கிருமி வளர்ந்தால் நகம் பச்சையாகும். நகத்தைச் சுற்றி அரிப்பு, கொப்புளம், தோல் வெடிப்பு வந்தால் ஜெல்லை உடனே நிறுத்திவிட்டுப் பாலிகிளினிக் போங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து தேசிய தோல் மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது ஜெல் புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.