வாசகர் கேள்வி – பதில்: பந்தயத்துக்குத் தயாராகும் பழைய மினி

கேள்வி: என்னிடம் 1968ஆம் ஆண்டு மினி கூப்பர் எஸ், 1275 சிசி கார் இருக்கிறது. பழைய கார்களுக்கான பந்தயங்களில் அதை ஓட்ட விரும்புகிறேன். நடுக்குழாய் நீளமான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) ஒன்றை வாங்கிவிட்டேன். கியர்பாக்ஸ் பக்கம் என்ன செய்ய வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும்?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: குழாயை வாங்கியதில் குற்றமில்லை, ஆனால் செலவு செய்யும் வரிசையில் அதற்கு நான் மூன்றாம் இடம்தான் தருவேன். முதலிடம் விதிப்புத்தகத்துக்கு. சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பின் (எஃப்ஐஏ) பழைய கார்ப் பந்தய விதிகள், ஒரு காரில் அதன் காலத்தில் முறைப்படி பதிவு செய்யப்பட்டுப் பயன்பட்ட மாற்றங்களை மட்டுமே அனுமதிக்கின்றன. உங்கள் கார் 1966 முதல் 1969 வரையிலான காலப்பிரிவில் வரும். சிலிண்டரை 20 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலப்படுத்தினால் கொள்ளளவு 1293 சிசி ஆகும், 1300 சிசி வகுப்புக்குள்ளேயே நிற்கும். கார் மன்றங்கள் தாமே நடத்தும் பந்தயங்களில் விதிகள் தளர்வாக இருக்கலாம். எந்தப் பந்தயம் என்று முடிவு செய்யாமல் ஒரு பல்சக்கரம்கூட வாங்காதீர்கள்.

இரண்டாமிடம் கியர்பாக்ஸுக்கு. 1959இல் வெளிவந்த மினியில் அலெக் இசிகோனிஸ் இன்ஜினைக் குறுக்காக வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கிவிட்டார். சிறிய காருக்குள் நான்கு பேர் உட்கார இடம் கிடைத்தது இதனால்தான். பந்தயத்தில் வரும் தலைவலிகளில் பாதியும் இதனால்தான். இன்ஜினுக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்பதால், பற்கள் அரைந்து உதிரும் இரும்புத் தூள் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் போகும் வாய்ப்பு உண்டு. எண்ணெயை வடிக்கும் துளைக்குக் காந்தம் பதித்த அடைப்பும் (டிரெயின் பிளக்) அடிக்கடி எண்ணெய் மாற்றுவதும் இங்கே கட்டாயம். வேகமான வளைவுகளில் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும் ஆபத்தும் இருக்கிறது. உறிஞ்சும் வாயைத் தொட்டியின் நடுவுக்குக் கொண்டுவரும் குழாய் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. இன்ஜினைப் பிரித்திருக்கும்போதே அதைப் போட்டுவிடுங்கள். இந்தப் பட்டியலிலேயே மலிவான காப்பீடு அதுதான்.

கிளட்சிலிருந்து கீழே கியர்பாக்ஸுக்குச் சக்தியைக் கொண்டுசெல்வது மூன்று பல்சக்கரங்கள் கொண்ட ஒரு தொடர். தொழிற்சாலைப் பல்சக்கரங்களில் பற்கள் சாய்வானவை. ஓசை குறைவு, ஆனால் அவை பக்கவாட்டு விசையை உண்டாக்கி இடைச்சக்கரத்தின் ஊசி பேரிங்குகளுக்குச் சுமை கூட்டுகின்றன. நேர்ப்பல் சக்கரங்களில் அந்த விசை இல்லை, சக்தி இழப்பும் சற்றுக் குறைவு. பதிலுக்குக் காருக்குள் இடைவிடாத ஊளைச் சத்தம் கேட்கும். பந்தயத்துக்கு மட்டுமே காரென்றால் நேர்ப்பல்லே சரி. வார இறுதியில் குடும்பத்தோடும் அதே காரில் போக வேண்டுமென்றால், வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

அடுத்தது டிஃபரன்ஷியல், அதாவது இடது வலது சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் பல்சக்கரத் தொகுதி. மினியில் முன்சக்கரங்களே காரை இழுப்பதால், வளைவில் உள்பக்கச் சக்கரம் பாரம் இழந்து வெறுமனே சுழலும். அப்படிச் சுழலும்போது டிஃபரன்ஷியலின் சிறு பற்களைத் தாங்கும் ஒற்றை ஊசி சூடேறித் தேய்ந்து, ஒருநாள் உடைந்து, உறையையும் பிளந்துகொண்டு வெளியேறும். குறைந்த செலவில் வேண்டுமென்றால் சிலுவை வடிவ ஊசி கொண்ட டிஃபரன்ஷியலைப் போடலாம். விதி இடம்கொடுத்தால் சுழற்சியைக் கட்டுப்படுத்தும் வகையைப் போடலாம். அதில் தட்டுகள் உரசிப் பிடிக்கும் வகை ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவதுபோல் இழுக்கும். பல்சக்கரங்களாலேயே விசையைப் பங்கிடும் வகை சாதுவானது. முதன்முறை பந்தயத்தில் இறங்குபவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

இனி இறுதி விகிதம், அதாவது சக்கரம் ஒருமுறை சுற்றக் கியர்பாக்ஸின் வெளியீடு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு. உங்கள் காரில் தொழிற்சாலை தந்தது 3.44 ஆக இருக்கும். பத்து அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர் உருளும் என்று கொள்வோம். மினியின் நான்காவது கியர் நேரடியானது, இன்ஜினின் சுழற்சியை மாற்றாமல் அப்படியே கடத்தும். எனவே இன்ஜின் நிமிடத்துக்கு 7000 சுற்றில் ஓடும்போது 3.44 விகிதத்தில் கார் மணிக்குச் சுமார் 183 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டும், 3.9இல் அது 162, 4.1இல் 154. முதல் எண் ஏட்டளவில்தான். பெட்டி போன்ற முகமுள்ள இந்தக் காரைக் காற்றை எதிர்த்து அந்த வேகத்துக்குத் தள்ள, தொழிற்சாலை இன்ஜினின் 76 குதிரைத்திறனுக்கு வலு போதாது. நீண்ட நேர்ப்பாதை உள்ள தடத்துக்கு 3.9, குறுகிய வளைவுகள் மிகுந்த தடத்துக்கு 4.1 என்று தொடங்கலாம். இறுதி விகிதத்தை மாற்ற இன்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். மேலே சொன்ன மூன்று பல்சக்கரத் தொடரையோ, கிளட்சையும் அதன் உறையையும் கழற்றினாலே, இன்ஜின் காரில் இருக்கும்போதே மாற்றிவிடலாம். அந்தத் தொடரிலேயே சற்று வேறுபட்ட விகிதங்கள் கிடைப்பதால், தடத்துக்குத் தடம் சிறு திருத்தம் செய்ய அதுவே கைவசமான வழி.

இப்போது உங்கள் குழாய். மினி இன்ஜினில் சிலிண்டர்கள் நான்கு, ஆனால் புகை வெளியேறும் வாயில்கள் மூன்றே. நடுவிலுள்ள 2, 3ஆம் சிலிண்டர்களின் புகை சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே ஒரே வாயிலில் கூடிவிடுகிறது. இன்ஜின் 1–3–4–2 என்ற வரிசையில் வெடிப்பதால், அந்த இரண்டும் ஒரு முழுச் சுற்று இடைவெளியில் மாறிமாறி ஊதுகின்றன, ஒன்றோடொன்று மோதுவதில்லை. 1, 4ஆம் சிலிண்டர்களுக்கும் அதே இடைவெளிதான். ஆகவே ஓரக் குழாய்கள் இரண்டையும் முதலில் ஒன்றாக்கி, நடுக்குழாயைத் தனியே நீளமாக இறக்கி, வெகு கீழே அவற்றைச் சேர்த்தால், ஒரு பக்கத்தின் துடிப்பு மறுபக்கத்து வால்வு திறந்திருக்கும் நேரத்தில் அங்கே போய் முட்டாது. நீண்ட நடுக்குழாயின் சூட்சுமம் இவ்வளவுதான். சேரும் இடத்திலிருந்து திரும்பும் எதிரலை, இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் வந்துசேர்ந்தால், மிச்சப் புகையை இழுத்துப் புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவைக்கு இடம் தரும். இந்தப் பொருத்தம் எல்லா வேகத்திலும் அமையாது. நீளமான குழாய் நடுத்தரச் சுழற்சியிலும், குட்டையான குழாய் உச்சச் சுழற்சியிலும் பலன் தரும். ஆகையால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், குழாய், இறுதி விகிதம் மூன்றையும் ஒரே சுழற்சி வரம்புக்குத் தேர்ந்தெடுங்கள். 7500 சுற்றில் விழித்துக்கொள்ளும் கேமோடு 3.44 விகிதத்தை வைத்துக்கொண்டு, கார் வளைவிலிருந்து எழவில்லை என்று குழாயைப் பழிப்பவர்கள் ஏராளம். பின்னால் செல்லும் குழாய்க்கு 1¾ அங்குல விட்டம் போதும். இரண்டு அங்குலம் முழுப் பந்தய இன்ஜினுக்கு உரியது. அதைவிடச் சாதுவான இன்ஜினில் புகையின் ஓட்ட வேகத்தைக் குறைத்து, கீழ்ச் சுழற்சியின் இழுவையைக் கெடுக்கும்.

குழாயை மாட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். குறுக்கே அமர்ந்த இன்ஜின் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் முன்னும் பின்னுமாக ஆடும். குழாயோ காரின் தரையோடு கட்டப்பட்டிருக்கும். இன்ஜினைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெடி கம்பியின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேனிஃபோல்டும் கழுத்தில் விரிசல் விடும். புதிய புஷ்களும் கூடுதலாக ஒரு கம்பியும் போட்ட பிறகே குழாயைத் தொடுங்கள். கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம், அதுவும் தடுப்புச் சுவரை ஒட்டி இருப்பதால், இடையே வெப்பத் தடுப்புத் தகடு ஒன்றும் வேண்டும்.

கேள்வி: நுவரெலியாவில், மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தில் எனது மினியை ஓட்ட எண்ணியுள்ளேன். 3.9 போதுமா, 4.3 வேண்டுமா? ஃப்ளைவீலை (இன்ஜினின் சுழற்சியைச் சீராக்கும் கனமான சக்கரத்தை) கடைந்து எடை குறைக்கலாமா?
– வாசகர், கண்டி

பதில்: நின்ற இடத்திலிருந்து கிளம்பி மேலேறும் ஓட்டத்துக்கு உச்ச வேகம் பெரிய பொருட்டல்ல. கியர் விகிதங்கள் நெருக்கமான பந்தய கியர்பாக்ஸில் முதல் கியர் இழுவையைவிட வேகத்துக்கு ஏற்றதாக இருக்கும் என்பதால் புறப்பாடு திணறும். அதை ஈடுகட்டவும் 4.1 அல்லது 4.3 வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1800 மீட்டருக்கும் மேல் இருப்பதால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு; இன்ஜினின் வலுவும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கண்டியில் சரியாக அமைத்த கலவை அங்கே பெட்ரோல் மிகுந்ததாகிவிடும். எஸ்யு கார்புரேட்டரானால் மெலிந்த கலவை தரும் ஊசியொன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.

ஃப்ளைவீல் வார்ப்பிரும்பு என்றால் அதில் கைவைக்க வேண்டாம். கடைந்து மெலிதாக்கிய வார்ப்பிரும்புச் சக்கரம் உயர்ந்த சுழற்சியில் வெடித்துச் சிதறக்கூடும், சிதறல் ஓட்டுநரின் கால் பக்கம் வரும். எஃகில் செய்த இலேசான ஃப்ளைவீலை வாங்குங்கள். அதிலும் மிக இலேசானது மலையேற்றத்தில் புறப்படும்போது இன்ஜினை அணைத்துவிடும்.

கேள்வி: சைலன்சரை அடியோடு கழற்றிவிட்டால் பழைய காரின் வலு கூடுமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: சத்தம் கூடும். குழாயின் நீளம் மாறுவதால் எதிரலை திரும்பும் நேரமும் மாறும். கலவையைத் திருத்தாவிட்டால் இருந்த வலுவும் குறையலாம். பந்தயத் தடங்களிலேயே சத்தத்துக்கு அளவு உண்டு: பிரிட்டனில் குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில், உச்சச் சுழற்சியின் முக்கால் பங்கில் அளப்பார்கள், பந்தயங்களில் வரம்பு பெரும்பாலும் 105 டெசிபெல். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த சைலன்சர் ஓட்டத்தைத் தடுக்காமல் ஓசையை விழுங்கும். இழை எரிந்து தீரும்போது மறுபடி அடைக்க வேண்டும். இந்தியச் சாலையில் சைலன்சர் இல்லாமல் ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவின்படி முதல்முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமமும் போகும்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற 1974ஆம் ஆண்டு மினி 1000 காரைப் பந்தயத்துக்கு மாற்றினால் அதன் பழமை மதிப்பு போய்விடுமா? எம்ஓடி சோதனை (பிரிட்டனில் ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) விலக்கும் போகுமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: அந்த 998 சிசி இன்ஜினை வெட்டித் திருத்தாதீர்கள். மினியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே தொகுதியாக இறங்கிவிடும் என்பது இங்கே பெரிய வசதி. அதை அப்படியே இறக்கி, எண்ணெய் பூசி, எண்ணோடு குறித்துப் பத்திரப்படுத்திவிட்டு, 1275 தொகுதி ஒன்றைத் தனியே தயார்செய்து ஏற்றுங்கள். விரும்பியபோது பழையதைத் திரும்ப வைக்கலாம். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த கார்களுக்கு, கடந்த 30 ஆண்டுகளில் பெருமாற்றம் செய்யப்படாதிருந்தால், எம்ஓடி தேவையில்லை. ஒரே அடிப்படை இன்ஜினின் வேறு கொள்ளளவைப் பொருத்துவதை வழிகாட்டுக் குறிப்பு பெருமாற்றமாகக் கருதுவதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு மட்டும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உங்கள் காரின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்தான் இருக்கும். 1275 இன்ஜினின் வேகத்தை அதனால் நிறுத்த முடியாது. பத்து அங்குலச் சக்கரத்துக்குள் அடங்கும் கூப்பர் எஸ் வகை 7.5 அங்குல டிஸ்க் பிரேக்கை அதன் ஹப்களோடு மாற்ற வேண்டும். இன்ஜினுக்கு முன்பணம் கொடுப்பதற்குள் அதன் விலையை விசாரித்துக்கொள்ளுங்கள்.