கேள்வி – பதில்: கறுப்பின லெஸ்பியன் சினிமாவும் பார்வையாளரின் பங்கும்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின லெஸ்பியன் பெண்கள் எடுக்கும் படங்களைப் பெரிய ஸ்டுடியோக்கள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்கிறார்கள். அப்படியானால் அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அதில் சாதாரணப் பார்வையாளர்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: ஷெரில் டன்யே இயக்கி 1996இல் வெளிவந்த 'தி வாட்டர்மெலன் வுமன்' படத்தின் கணக்கைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தம்மை லெஸ்பியன் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுதான். ஃபிலடெல்ஃபியாவில் வீடியோ கடையொன்றில் வேலை பார்க்கும் இளம்பெண், பழைய ஹாலிவுட் படங்களில் பணிப்பெண்ணாக வந்துபோன, சொந்தப் பெயர்கூடத் திரையில் இடம்பெறாத ஒரு கறுப்பின நடிகையின் வாழ்க்கையைத் தேடிச் செல்வதே கதை.

படத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 3,00,000 டாலர். அரசு அமைப்பான தேசியக் கலை நிதியம் அளித்தது 31,500 டாலர். இதனுடன் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றும் நண்பர்கள் கொடுத்த நன்கொடைகளும் சேர்ந்தே படம் உருவானது. பத்தில் ஒரு பங்கு அளவேயான அந்த அரசு உதவிதான் பின்னர் சர்ச்சைக்குள்ளானது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் பீட்டர் ஹோக்ஸ்ட்ரா, படத்தில் வரும் உடலுறவுக் காட்சியைக் காரணம் காட்டி, அதே தொகையை நிதியத்தின் ஒதுக்கீட்டிலிருந்து கழிக்க வேண்டும் என்றார். நண்பர்கள் கொடுத்த பணத்தின் மீது இப்படிக் கை வைக்க எவராலும் முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். பெர்லின் திரைப்பட விழாவில் தன்பாலீர்ப்பு உள்ளிட்ட பொருள்களைப் பேசும் படங்களுக்கான டெடி விருது அதே ஆண்டிலேயே கிடைத்தது; காத்து வைக்க வேண்டிய அமெரிக்கப் படங்களின் பட்டியலான தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம் கிடைக்கவோ 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தப் பெருமைகள் எல்லாம் படம் முடிந்த பின் வருபவை. படப்பிடிப்புக் குழுவினருக்குச் சாப்பாடு போட வேண்டிய நாளில் உதவியவர்களையே நான் முதல் பார்வையாளர்கள் என்பேன். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2010இல், இதே இயக்குநர் 'தி ஔல்ஸ்' படத்தைக் கலைஞர்களின் கூட்டுமுயற்சியாக ஏறக்குறைய 22,000 டாலரில் எடுத்தார் என்பதிலிருந்தே, முதல் படத்தின் புகழ் அடுத்த படத்துக்குத் தானாகப் பணம் கொண்டுவருவதில்லை என்பது விளங்கும்.

கேள்வி: பெரிய தொகை கொடுக்கும் வசதி இல்லாதவர்கள் எந்த வகையில் உதவ முடியும்?

பதில்: பலரிடமிருந்து சிறு தொகைகளாகப் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டு நிதித் தளத்தில், அறிவித்த இலக்கை எட்டாவிட்டால் இயக்குநருக்கு ஒரு காசும் வராது. ஆகவே கடைசி நாள் வரை காத்திருக்காமல், முதல் சில நாட்களிலேயே சிறு தொகை செலுத்தி, தெரிந்தவர்களிடமும் சொல்வது பெரிய உதவி; ஆளில்லாத பந்தியில் உட்கார யாருமே தயங்குவார்கள் அல்லவா? வரிச்சலுகையை எதிர்பார்க்கும் நன்கொடையாளர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 1972இல் தொடங்கப்பட்ட நியூயார்க்கின் 'விமன் மேக் மூவீஸ்' போன்ற லாபநோக்கற்ற அமைப்புகள், தனி இயக்குநர்களின் சார்பில் நன்கொடையைப் பெற்றுப் படத்துக்கு வழங்குகின்றன.

பணமே இல்லையென்றாலும் உங்கள் பொது நூலகத்திடம் படத்தை வாங்கும்படி கேட்கலாம். நூலக அட்டையைக் கொண்டு கனோப்பி என்ற இணையப் படத் தளத்தில் நீங்கள் இலவசமாகப் பார்க்கும் படத்துக்கு நூலகம் கட்டணம் செலுத்துகிறது. ஒரு சங்கமோ கல்லூரிக் குழுவோ படத்தைத் திரையிட விரும்பினால், கடையில் வாங்கிய டிவிடியை அரங்கில் போட்டுவிடக் கூடாது. அது வீட்டில் பார்ப்பதற்கான உரிமை மட்டுமே. பொதுத் திரையிடலுக்கான கட்டணத்தை விநியோகஸ்தரிடம் செலுத்துவதுதான் முறை. எனக்குத் தெரிந்தவரை, ஆர்வலர்கள் மிக எளிதாக மறந்துவிடுவது இதைத்தான். சான்பிரான்சிஸ்கோவில், வெள்ளையரல்லாத குயர் (பால்புதுமை) பெண்களின் படங்களுக்காக 2000இல் உருவான 'குயர் விமன் ஆஃப் கலர் மீடியா ஆர்ட்ஸ் ப்ராஜெக்ட்' அமைப்பு தன் திரைப்பட விழாவில் நுழைவுக்கட்டணம் வாங்குவதில்லை. அங்கே வந்து அமர்வதே ஆதரவுதான், ஆனால் அந்த இலவசத்துக்கும் யாரோ நன்கொடை கொடுத்திருக்கிறார்கள்.

கேள்வி: படம் சுமாராக இருந்தாலும் நம்மவர்கள் எடுத்தது என்பதற்காகப் பாராட்ட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நுழைவுச்சீட்டு வாங்குவது வேறு, பாராட்டுவது வேறு. கறுப்பின லெஸ்பியன் இயக்குநர் டீ ரீஸின் முதல் முழுநீளக் கதைப்படம் 2011இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டுப் பரவலான கவனம் பெறுவதற்கு முன், அதே கதை 2007இல் குறும்படமாகத் திரைப்பட விழாக்களைச் சுற்றி வந்தது. அப்படிப்பட்ட குறும்படத்தைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, எந்தக் காட்சி மனத்தில் தங்கியது, எது இழுவையாகப்பட்டது என்று இயக்குநரிடம் நேராகச் சொல்கிற பார்வையாளர், அடுத்த வரைவுக்கே உதவுகிறார். விமர்சனம் எழுதுவதாக இருந்தால் அதிலும் இதே நேர்மை இருக்கட்டும். முதல் வாரத்துச் சீட்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.