நாய்க்குப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை

ராயபுரம் பக்கம் கிளினிக் வைத்திருப்பதால், என்னிடம் வரும் நாய்களில் முக்கால்வாசி ஏதாவது ஒரு இரண்டு சக்கர வண்டியில்தான் வருகின்றன. ஆட்டோக்காரர் நாயைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிவிடுவார். மெட்ரோவில் அனுமதி இல்லை. மிச்சம் ஸ்கூட்டியும் சைக்கிளும். இந்த முறை வந்த கேள்விகளும் அதைச் சுற்றியே.

என் நாட்டு நாய் 14 கிலோ. ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தில் சமத்தாக நிற்கும். காலர் சங்கிலியை முன்னால் பை மாட்டும் கொக்கியில் கட்டிவிடுவேன். வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை இப்படிப் போகலாமா?
— பழைய வண்ணாரப்பேட்டை

முதலில் அந்தக் கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றுங்கள். நாய் ஒரு பக்கம் வழுக்கினால் உடம்பு தரையை நோக்கிப் போகும், கழுத்து கொக்கியில் நிற்கும். அதற்குப் பெயர் தூக்கு. அப்படி வந்த ஒரு நாயை மேசையில் கிடத்தியிருக்கிறேன். ஓட்டி வந்த பையன், பின்னால் ஹார்ன் அடித்தவர் சொல்லும்வரை கவனிக்கவில்லை.

காலர் பெயர்ச்சீட்டு மாட்ட மட்டும். கட்டுவதற்கு மார்பைச் சுற்றி வரும் ஹார்னஸ் வாங்குங்கள். வாரை முதுகுப்பக்க வளையத்தில் மாட்டுங்கள். நாய் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் முன்கால் பலகை விளிம்பைத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்கு வார் குட்டையாக இருக்கட்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில். பயந்தால் இன்னும் அதிகம். ஈரப் பாதம், வழுவழுப்பான பலகை, நடுவில் ஒரு ஸ்பீடு பிரேக்கர். நமக்காவது பிடித்துக்கொள்ளக் கை இருக்கிறது, அதற்கு நகம் மட்டும்தான். வரிவரியாக உள்ள ரப்பர் மேட்டை வெட்டி ஒட்டுங்கள். பிறகு ஸ்டாண்டு போட்டு நாயை நிறுத்தி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். தலையில் இடித்தால் அந்த இடம் உங்கள் நாய்க்குப் போதாது. அப்போது இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, நாயை நடுவில் வைத்து ஹார்னஸைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. என்னைக் கேட்டால் 14 கிலோவுக்கு எப்போதுமே அதுதான் வழி.

"சமத்தாக" என்றீர்கள். காதைப் பின்னால் மடித்து, உதட்டை நக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி அசையாமல் நின்றால் அது சமத்து இல்லை, பயம். நாலைந்து நாள் இன்ஜின் போடாத வண்டியில் ஏற்றி பிஸ்கெட் கொடுங்கள். அப்புறம் இன்ஜினைப் போட்டு, அப்புறம் தெருமுனை வரை. கிளம்புவதற்கு மூன்று, நாலு மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயிலும் கூட்டமும் ஏறுவதற்குள்.

பொமரேனியன், 6 கிலோ. சைக்கிள் முன்கூடையில் வைத்துப் போகிறேன். சரியா?
— கொருக்குப்பேட்டை

முன்கூடை ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். நாய் பூனையைப் பார்த்தால் ஹேண்டிலும் பூனையைப் பார்க்கும். பின் கேரியருக்கு மாற்றுங்கள். பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, அடியில் மடித்த சாக்கு, நாலு மூலையிலும் பழைய சைக்கிள் ட்யூபால் இறுக்கிய கட்டு. நைலான் கயிறு குலுக்கலில் தளரும், ட்யூப் தளராது. பெட்டியின் சுவர் நாயின் மார்பு உயரமாவது வேண்டும். ஹார்னஸிலிருந்து இரண்டு பக்கமும் குட்டையாகக் கட்டுங்கள். வால் சக்கரத்துக்குள் போகாமல் பெட்டியின் ஓட்டைகளை அட்டையால் அடைத்துவிடுங்கள்.

நாயோடு சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஓடும்போது விழுந்ததைவிட நிற்கும்போது சாய்ந்து அடிபட்டதே எனக்கு அதிகம் வருகிறது.

காசிமேட்டுல மீன்பாடி வண்டி ஓட்டுறேன். என் நாய் ஐஸ் பெட்டி மேல குந்திக்கினு வரும். வுழுந்ததே இல்ல. இதுல இன்னா பிரச்சனை டாக்டர்?
— காசிமேடு

எனக்கு ஒன்றுமில்லை அண்ணே, உங்கள் பிரேக்குக்குத்தான் பிரச்சனை. உங்கள் மூன்று சக்கர வண்டியில் பாரம் முன்னால், நீங்கள் பின்னால். நாய் கண்ணெதிரே இருப்பது நல்லதுதான். ஆனால் சடன் பிரேக்கில் அது முன்பக்கம் பறந்தால் விழுவது உங்கள் சக்கரத்துக்கு முன்னால். ஐஸ் தண்ணியும் செதிளும் கலந்த மூடி சோப்பு மாதிரி. பெட்டிகளுக்கு நடுவில் பள்ளமாக இடம் விட்டு, சாக்கு போட்டு உட்கார வையுங்கள். ஹார்னஸ் உங்களுக்கும் உண்டு.

வண்டியில் விலங்கைத் துன்புறும்படி ஏற்றிச் செல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீ, ஒரு பஜ்ஜி. அதற்குப் பயந்து யாரும் மாறப்போவதில்லை என்று எனக்கும் தெரியும்.

லேப்ரடார், 8 மாதம். நான் சைக்கிள் மிதிக்க, கூடவே ஓட்டிப் பழக்கலாமா?
— எண்ணூர்

இப்போது வேண்டாம். பெரிய இன நாய்க்கு எலும்பின் வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் மெல்லிய பகுதி) மூட ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயது ஆகும். அதற்குமுன் தார் ரோட்டில் ஓட்டினால் மூட்டு கெடும். பிறகும், விடியலில், கன்டெய்னர் லாரி வராத தெருவில் மட்டும். வாரை ஹேண்டிலில் சுற்றாதீர்கள். புறங்கையை ரோட்டில் ஏழு எண்ணும்வரை வையுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

தெருவில் லாரி அடித்த நாயை பைக்கில் கொண்டுவருவது எப்படி?
— வியாசர்பாடி

பைக்கில் வேண்டாம், நிஜமாகவே வேண்டாம். மடியில் போட்டு வரும்போது முதுகெலும்பு வளைந்தால் நடக்கக்கூடிய நாயும் நடக்காமல் போகும். ஒட்டுப்பலகையோ தடித்த அட்டையோ பக்கத்தில் வைத்து, இருவராக மெதுவாக அதன்மேல் இழுத்து, போர்வையால் சுற்றி, மூன்று சக்கர வண்டியில் ஏற்றுங்கள். மீன்பாடி வண்டிக்கு இங்கே ஒரு பெருமை கிடைக்கிறது.

வலியில் இருக்கும் நாய் தெரிந்தவரையும் கடிக்கும். துணிப்பட்டையால் வாயைச் சுற்றி, கீழே ஒரு முடிச்சு போட்டு, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். ஆனால் மூச்சுத் திணறினாலோ வாந்தி எடுத்தாலோ வாயைக் கட்டவே கூடாது. அப்போது தலையைத் துண்டால் மூடினால் போதும். கடித்துவிட்டால் 15 நிமிடம் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய்க்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அங்கிருந்து எனக்கு போன் செய்யலாம்.

பக் நாய், வெயிலில் பைக் பயணம்?
— பெரம்பூர்

சப்பை மூக்கு நாய் இரைத்துத்தான் உடம்பைத் தணிக்க வேண்டும், அதுவும் அரைகுறையாக. உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. காலை எட்டுக்கு மேல், மாலை ஐந்துக்கு முன் கிளம்பாதீர்கள். வழியில் தள்ளாடினால் நிழலில் நிறுத்தி, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வாருங்கள்.

பீச்சில் நாலு சக்கர குவாட் பைக் வாடகைக்கு எடுத்தோம். நாயையும் ஏற்றலாமா?
— கொளத்தூர்

வேண்டாம். திருப்பத்தில் ஓட்டுபவர் உடம்பைச் சாய்த்துத்தான் அந்த வண்டியைக் கவிழாமல் வைக்கிறார். நாய் எந்தப் பக்கம் சாயும் என்று அதற்கே தெரியாது. நீங்கள் ஓட்டுங்கள். அது மணலில் குழி தோண்டட்டும், யாராவது ஒருவர் வாரைப் பிடித்துக்கொண்டால் போதும்.