புல்லை உரசிக்கொண்டு பறக்கும் பருந்து

கேள்வி: வட அமெரிக்காவில் வசிக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதைத் தாண்டினால் சதுப்பு நிலம். அங்கே பழுப்பு நிறப் பருந்து ஒன்று தலை உயரத்தில், புல்லை உரசுவதுபோலப் போய் வருகிறது. வாலுக்கு மேலே பளிச்சென்று வெள்ளைத் திட்டு. முகம் ஆந்தை மாதிரி. சில நாட்களில் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் இன்னொன்றும் வருகிறது. இரண்டும் வேறு வேறு பறவைகளா? ஜூனில் அந்தப் புல்லை வெட்டலாமா?

பதில்: இரண்டும் ஒரே பறவைதான். பழுப்பாக இருப்பது பெண், சாம்பலாக இருப்பது ஆண். தமிழில் இந்த வகைக்குப் பூனைப்பருந்து என்று பெயர். முகத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவருக்கு நல்ல கண் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் பக்கம் பரவலாகக் காணப்படுவது ஒரே இனம், நார்தர்ன் ஹாரியர். பழைய நூல்களில் மார்ஷ் ஹாக் என்று இருக்கும். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் உள்ள ஹென் ஹாரியரோடு சேர்த்து ஒரே இனமாக எண்ணியிருந்ததை, 2016இல் அமெரிக்கப் பறவையியலாளர்கள் பிரித்துவிட்டார்கள். அதனால் இணையத்தில் படம் தேடும்போது எந்தக் கண்டத்துப் பறவை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கோடைக் கடைசியில் குழப்பம் கொஞ்சம் கூடும். அப்போது பறக்கத் தொடங்கும் இளம் பறவைகளும் முதுகில் பழுப்புதான். அடிப்பக்கத்தைப் பாருங்கள்: கோடு கோடாக இருந்தால் வளர்ந்த பெண், பெரிதாகக் கோடுகள் இல்லாமல் செங்கல் நிறத்தில் இருந்தால் அந்த வருடத்துக் குஞ்சு.

ஆனால் நிறத்தைவிட நான் நம்புவது பறக்கும் விதத்தைத்தான். நாலைந்து தடவை இறக்கையை அடிக்கும், பிறகு இரண்டு இறக்கைகளையும் ஆங்கில வி எழுத்துபோல மேலே தூக்கி வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் சாய்ந்தபடி மிதக்கும். இறக்கை விரிப்பு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். எடையோ அரைக் கிலோவை ஒட்டித்தான், ஆண் அதற்கும் குறைவு. காற்றில் காகிதம்போலத் தத்தளிப்பது அதனால்தான். டர்க்கி வல்ச்சர் என்ற பிணந்தின்னிக் கழுகும் இறக்கையை இப்படித் தூக்கி ஆடும். ஆனால் அது பெரியது, கருப்பு, வெள்ளைத் திட்டு கிடையாது. குளிர்காலத்தில் வரும் ரஃப்-லெக்டு ஹாக் என்ற வேறொரு பருந்துக்கு வெள்ளை இருப்பது வாலிலேயே. பூனைப்பருந்துக்கு வெள்ளை வாலில் இல்லை, வால் தொடங்குவதற்குச் சற்று மேலே.

சரி, பருந்துக்கு எதற்கு ஆந்தை முகம்? கேட்பதற்கு. முகத்தைச் சுற்றி வட்டமாக அமைந்த விறைப்பான இறகுகள் ஒலியைக் காதுக்குத் திருப்பிவிடுகின்றன. புல்லுக்கு அடியில் எலி ஓடும் சரசரப்பை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இவ்வளவு தாழ்வாகப் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பொறுமையாகக் கவனித்தால் பார்க்கலாம்: போய்க்கொண்டிருக்கும் பறவை சட்டென்று நிற்கும், வாலை விரித்து அந்தரத்திலேயே திரும்பும், நீண்ட மஞ்சள் கால்கள் கீழே தொங்கும், அப்படியே புல்லுக்குள் விழுந்து மறையும். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் எழும்பும். பொழுது சாயும் நேரத்தில் அதே வெளியில் குட்டைக்காது ஆந்தை வந்தால் வேடிக்கை இன்னும் அதிகம். ஆந்தை பிடித்த எலியைப் பூனைப்பருந்து துரத்திப் பறிக்கப் பார்க்கும்.

இப்போது புல் வெட்டும் விஷயம். ஜூனில் வேண்டாம். இந்தப் பறவை மரத்தில் கூடு கட்டாது. உயரமான புல்லுக்கும் நாணலுக்கும் நடுவே தரையிலேயே கட்டும். பெரும்பாலும் நான்கைந்து முட்டைகள். அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதத்துக்கு மேல். கூடு இருக்கிறதா என்று உள்ளே இறங்கித் தேடவும் வேண்டாம். நீங்கள் மிதித்துப் போட்ட தடம் நரிக்கு வழிகாட்டும்.

தூரத்தில் நின்று ஆணைக் கவனித்தாலே போதும். அது காலில் இரையோடு வந்தால் பெண் புல்லிலிருந்து எழும்பி வரும். ஆண் இரையைக் கீழே விட, பெண் அந்தரத்தில் புரண்டு காலால் பிடித்துக்கொண்டு திரும்ப இறங்கும். இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கூடு. ஒரே ஆண் இரண்டு மூன்று பெண்களுக்கு இரை கொண்டு வருவதும் உண்டு, எனவே ஓர் இடத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்தால் ஆகஸ்ட் வரை வெட்டாமல் விடுங்கள். முடியாது என்றால் அந்த இடத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் புல்லை நிற்க விடுங்கள். அமெரிக்காவில் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் இந்தப் பறவைக்கும் பொருந்தும், கூட்டிலோ முட்டையிலோ கைவைக்கக்கூடாது. அப்புறம், கூடு காலியாகத் தெரிகிறதே என்று உடனே இயந்திரத்தை இறக்கிவிடாதீர்கள். பறக்கத் தெரிவதற்கு முன்பே குஞ்சுகள் கூட்டைவிட்டு நடந்துபோய்ச் சுற்றியுள்ள புல்லுக்குள் பதுங்கியிருக்கும்.