புதிய வேளாண் கொள்கையா? முதலில் பழைய பட்ஜெட்டைப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: வளரும் நாடு ஒன்றின் வேளாண் அமைச்சகத்தில், திட்டமிடல் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிய வேளாண், உணவுக் கொள்கைக்கு ஆறு மாதத்தில் வரைவு கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே எழுதிய மூன்று கொள்கைகள் அலமாரியில் தூங்குகின்றன. நான்காவதும் அங்கே போய்ச் சேராமலிருக்க எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் மாதம் எதையும் எழுதாதீர்கள். கடைசி ஐந்து ஆண்டுகளின் பட்ஜெட்டையும், அதே காலத்தில் அரசு போட்ட ஏற்றுமதி, இறக்குமதி, கொள்முதல் ஆணைகளையும் எடுத்து மேசையில் பரப்புங்கள். விவசாயியும் வியாபாரியும் அவற்றைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அலமாரியில் இருப்பதை அவர்கள் யாரும் படித்ததில்லை.

பட்ஜெட்டில் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாற வேண்டாம். 2003-இல் மொசாம்பிக்கின் தலைநகர் மாபுட்டோவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றிய நாடுகள், பட்ஜெட்டில் 10 சதவீதத்தை வேளாண்மைக்கு ஒதுக்குவதாக உறுதி கொடுத்தன. பெரும்பாலான நாடுகள் அதை எட்டவில்லை. எட்டிய சில நாடுகளில் ஒன்று மலாவி. 2005-06-இல் அங்கே உரத்துக்கும் விதைக்கும் பெரிய மானியத் திட்டம் தொடங்கினார்கள். மக்காச்சோள விளைச்சல் நன்றாகவே கூடியது. ஆனால் சில ஆண்டுகளில் வேளாண் அமைச்சகத்தின் பணத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரு மானியமே விழுங்கிவிட்டது. ஆராய்ச்சிக்கும் பாசனத்துக்கும் களத்துக்குப் போய் விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் விரிவாக்க அலுவலருக்கும் மிச்சம் மீதிதான். மண்ணில் அமிலத்தன்மை கூடிப்போயிருந்தால் போட்ட உரம் முழுசாகப் பயிருக்குப் போகாது. அதைப் பரிசோதித்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

மானியத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. எந்த அமைச்சரும் அதில் கையெழுத்துப் போட மாட்டார். தொகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்துவிட்டு, ஆண்டுதோறும் கூடுதலாக வரும் பணத்தை ஆராய்ச்சிப் பக்கமும் விரிவாக்கப் பக்கமும் திருப்புங்கள். சண்டை குறையும்.

அடுத்து ஆணைகள். பணப் பற்றாக்குறையைவிடத் திடீர் ஆணைகள்தான் அதிகம் காயப்படுத்துகின்றன என்பது என் எண்ணம். இலங்கையில் 2021 ஏப்ரலில் அறிவித்து, மே மாதம் வர்த்தமானியில் (அரசிதழில்) போட்டு, வேதியுர இறக்குமதியைத் தடை செய்தார்கள். நாடு முழுவதற்கும் போதுமான இயற்கை உரம் அத்தனை சீக்கிரம் எங்கிருந்து வரும்? நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போகம் எனப்படும் முக்கிய நெல் பருவத்தின் விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்து நெல் விளைச்சல் கடுமையாக விழுந்தது. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு வழக்கு. இங்கே அவகாசமே தரவில்லை. இந்தோனேசியா 2022-இல் சமையல் எண்ணெய் விலையை அடக்க, பாமாயில் ஏற்றுமதியை ஏறத்தாழ மூன்று வாரம் நிறுத்தியது. ஆலைகளில் எண்ணெய் தேங்கியது, சிறு விவசாயியின் பழக்குலைக்கு விலை சரிந்தது, அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள்.

ஆகவே உங்கள் வரைவில் ஒரு விதி கட்டாயம் இருக்கட்டும். சந்தை விலை எந்த அளவைத் தாண்டினால் அரசு இருப்பிலிருந்து எவ்வளவு தானியம் வெளியே வரும், அதற்கும் அடங்காவிட்டால் இறக்குமதி வரி எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே எழுதி வெளியிட்டுவிடுங்கள். நாளைக்கே தடை வரலாம் என்று பயந்தால் தனியார் யாரும் கிடங்கு கட்ட மாட்டார்கள். கிடங்கு இல்லாவிட்டால் அறுவடைக் காலத்தில் விலை சரியும், அப்புறம் ஏறும். அரசு மறுபடி தடை போடும்.

அந்த விதி வேலை செய்யக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். மலாவியிலேயே 2001-02-இல் கிழங்கு விளைச்சலை மிகையாக மதிப்பிட்டிருந்தார்கள். மக்காச்சோளம் குறைந்தாலும் கிழங்கு ஈடுகட்டும் என்று நம்பினார்கள். கையிருப்புத் தானியமும் விற்றுப்போயிருந்தது. 2002-இல் பஞ்சம் வந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனை, மழை அளவு, சந்தை விலை மூன்றையும் ஒழுங்காகத் திரட்டுவது பெரிய செலவில்லை. ஆனால் ரிப்பன் வெட்ட அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் பணம் வருவதில்லை.

எல்லாச் சீர்திருத்தத்துக்கும் கோடிகள் தேவையில்லை. வியட்நாம் 1988-இல், கூட்டுறவுப் பண்ணைகளின் கீழ் இருந்த நிலத்தைச் சாகுபடி செய்யும் குடும்பங்களின் பொறுப்பில் விட்டது. மறு ஆண்டே பெருமளவில் அரிசி ஏற்றுமதி செய்தது. விலைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும் சேர்ந்து நடந்த மாற்றம் அது.

உணவுப் பக்கத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால் கிராமமே செழிக்கும் என்று வரைவுகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். பல நாடுகளில் சிறு விவசாயிகளில் பெரும் பகுதியினர் விற்பதைவிட அதிகமாகத் தானியம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். விலை ஏறினால் அவர்கள் வயிற்றில்தான் அடி. ஆதரவு விலையோடு பொது விநியோகத்தையோ பள்ளி உணவையோ சேர்த்துத் திட்டமிடுங்கள். பிரேசிலின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 சதவீதத்துக்குக் குடும்ப விவசாயிகளிடம் வாங்கச் சொன்னது. பிள்ளைக்குச் சாப்பாடு, சிறு விவசாயிக்கு நிச்சயமான சந்தை, இரண்டும் ஒரே பணத்தில்.

சரி, எழுதத் தொடங்கியபின்? ஒவ்வொரு பத்திக்கும் எதிரே பொறுப்பான துறை, பட்ஜெட் தலைப்பு, முடிக்க வேண்டிய தேதி மூன்றையும் குறியுங்கள். மூன்றில் ஒன்று காலியாக இருந்தாலும் அந்தப் பத்தியை அடித்துவிடலாம். நிதி அமைச்சகத்திலிருந்து ஒருவரை முதல் கூட்டத்துக்கே கூப்பிடுங்கள். எல்லாம் முடிந்தபின் கொண்டுபோய் நீட்டினால், ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்.