நுவரெலியாக் குளிரில் ஸ்டவுட் என்ற கருப்புப் பியரை ஐஸ் மாதிரிக் குளிர வைத்துத்தான் குடிக்க வேண்டுமா?

தேவையில்லை. இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம். வறுத்த மோல்ட் (முளைகட்டிய பார்லி) தரும் கோப்பி, கருப்புச் சொக்லேட் வாசனைதான் அதன் உயிர். பிரிட்ஜில் இருக்கும் 4 பாகையில் அந்த வாசனை எழும்பாது. நாக்கில் கசப்பு மட்டும் நிற்கும். 16 பாகைக்கு மேலே போனால் ஸ்பிரிட் நெடி முந்திக்கொள்ளும். 10–13 பாகைதான் அளவு.

கொழும்பில் பிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணித்தியாலம் வெளியே வைக்க வேண்டியிருக்கும். நுவரெலியாவில் அந்த வேலையே இல்லை: இரவில் போத்தலை ஜன்னல் பக்கம் வைத்தாலே போதும். பகலில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, நிமிர்த்தி மிச்சத்தை விடுங்கள். நுரை உடனே செத்தால் பியரைக் குறை சொல்ல வேண்டாம், கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சவர்க்காரமோ இருக்கும்.

கடிக்கக் கட்டச் சம்பல் வேண்டவே வேண்டாம். மதுசாரமும் வாயுவும் மிளகாய் எரிவைக் கூட்டும். நெருப்பில் வாட்டிய இறைச்சி நன்றாகப் பொருந்தும். சொக்லேட் கேக் அதைவிடப் பொருந்தும், நம்பாவிட்டால் ஒரு துண்டு வைத்துப் பாருங்கள்.