எந்த எலி என்று கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு வயது 14. இருட்டில் தடுமாறுகிறான். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா (விழித்திரை செல்கள் மெல்ல அழியும் பரம்பரை நோய்) என்கிறார்கள். நானும் கணவரும் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். மரபணு மாற்றிய எலிகளுக்குப் பார்வை வந்ததாக அடிக்கடி செய்தி வருகிறது. எலிக்குக் கிடைத்தது என் பிள்ளைக்கு எப்போது கிடைக்கும்?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அம்மா, அப்படிச் செய்தி வந்தால் முதலில் ‘எந்த எலி?’ என்று கேளுங்கள். உங்கள் மகனுக்கு வந்திருப்பது பார்க்க ஒரே நோய் போலத் தெரிந்தாலும், அதன் பின்னால் 80-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் எதுவும் இருக்கலாம். ஆய்வுக்கூடத்து எலியில் கெட்டிருப்பது அவற்றில் ஏதோ ஒன்றுதான்.

நான் சில காலம் இந்த எலிகளுக்கு ஈ.ஆர்.ஜி. (வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் எழும் மின் அசைவை அளக்கும் சோதனை) எடுத்திருக்கிறேன். முதல் நாள் இரவே இருட்டறையில் விட்டுவிடுவோம். மறுநாள் மங்கலான சிவப்பு விளக்கில் மயக்க ஊசி போட்டு, கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்டு, மெல்லிய கம்பி வளையத்தைக் கருவிழி மேல் வைப்போம். ஒரு மின்னல் வெளிச்சம். நல்ல கண்ணென்றால் திரையில் கோடு கீழே இறங்கி, உடனே மேலே எழும்பும். பிறவியிலேயே விழித்திரை அழியும் ‘ஆர்டி1’ வகை எலிக்கு, பிறந்து ஒரு மாதத்தில், அந்தக் கோடு படுத்தே கிடக்கும். பார்க்கவே மனசு கனக்கும்.

மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் இல்லாத எலிகளை ஹார்வர்டில் கிளைட் கீலர் 1924-லேயே கவனித்துவிட்டார். ஆர்டி1 எலியில் கெட்டிருப்பது ‘பிடிஇ6பி’ என்ற மரபணு என்று 1990-இல் தெரிந்தது. அது கெட்டால் குச்சி செல்லின் வாயில்கள் மூடாத குழாய் போலத் திறந்தே கிடந்து, கால்சியம் பெருகி செல் செத்துப்போகும். 1992-இல் சரியான மரபணுவைக் கருவிலேயே சேர்த்தபோது எலியின் விழித்திரை பிழைத்தது. அடுத்த ஆண்டே, இதே நோயுள்ள மனிதர்கள் சிலரிடமும் அதே மரபணுவில் பழுது இருப்பது தெரியவந்தது. எலியைப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

சரி, எப்போது கிடைக்கும்? பார்வைக்குத் தேவையான ‘ஆர்பிஇ65’ என்ற இன்னொரு மரபணுவை நீக்கிய எலி 1998-இல் வந்தது. 2001-இல் அதே குறையுள்ள பிரியார்டு இன நாய்களுக்கு, சரியான மரபணுவைக் கண்ணில் செலுத்தியதும், பார்வை வந்தது. மனிதருக்கு அதே வழியில் செய்யும் லக்ஸ்டர்னா என்ற சிகிச்சைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2017 டிசம்பரில். அதுவும் அந்த ஒரு மரபணுவுக்கு மட்டும், விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிச்சமிருந்தால் மட்டும்.

எலியின் கண்ணுக்கும் எல்லை உண்டு. நாம் எழுத்துப் படிக்கப் பயன்படுத்தும் மாக்குலா என்ற விழித்திரையின் நடுப்பகுதி அதற்குக் கிடையாது. காதும் கண்ணும் சேர்ந்து பாதிக்கும் அஷர் நோயின் மரபணுக்களைக் கெடுத்தாலும், பல எலிகளுக்குக் காது போகிறது, கண் போவதில்லை.

அதனால் மகனுக்கு மரபணுப் பரிசோதனை செய்துவிடுங்கள். சொந்தத்தில் கட்டியதை நினைத்து உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி ஒளிந்திருந்து பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கலாம். இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் கண்ணையும் காட்டுங்கள். ‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும்’ என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள்; இருக்கிற பார்வையும் போய்விடக்கூடும்.

அறிக்கை வந்ததும், அதிலுள்ள மரபணுவின் பெயரையும் என்ன மாற்றம் என்பதையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். தம்பிக்குப் பொருந்தும் ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.